ஓடாத காருக்கு டயர் ஏன் மாற்ற வேண்டும்?

குலசேகரம்
10.11.2024

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. மழை விடாததால் ரப்பர் விளையில் பால்வெட்டு நடக்கவில்லை, கையில் நேரம் இருந்தது. இருந்தாலும் உன் காரை நேரில் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்று தக்கலையில் உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா நன்றாக இருக்கிறார்கள். கால்வலி இருக்கிறது, ஆனால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. மரச்சீனியும் மீன்கறியும் வைத்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்கள். நீ டிசம்பரில் வருவது உறுதிதானா என்று மூன்று தடவை கேட்டார்கள்.

இனி கார் விஷயம். "மொத்தமே 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயர் பட்டன் எல்லாம் தேயாமல் அப்படியே இருக்கிறது, நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார், ஏமாற்றுகிறாரோ?" என்று கேட்டிருந்தாய். அந்த மெக்கானிக் உன்னை ஏமாற்றவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். உன் டயரில் 0817 என்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஏழு வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது. பட்டன் ஆழம், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் மேட்டின் உயரம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. புதிதில் ஏழு, எட்டு இருந்திருக்கும். அதை மட்டும் பார்த்தால் நீ சொல்வது சரி. ஆனால் நான் டார்ச் அடித்து, வரிப்பள்ளங்களை விரலால் கொஞ்சம் விரித்துப் பார்த்தேன். அடியில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடுகின்றன. பக்கச்சுவரில் ரிம்முக்கு மேலே, வேனலில் வறண்ட குளத்தின் தரை போல இருக்கிறது. அதிலும் வலப்பக்க டயர்கள் இரண்டும் மோசம். முதலில் காரணம் புரியவில்லை. மூன்று மணி வரை இருந்தபோது புரிந்தது. மேற்கு வெயில் போர்ட்டிகோவுக்குள் சாய்வாக இறங்கி அந்த இரண்டு டயர் மேலும் நேராக விழுகிறது. இடப்பக்கத்தைச் சுவர் காப்பாற்றியிருக்கிறது.

நாம் ரப்பர் விளைக்கு நடுவே வளர்ந்தவர்கள், உனக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். ரப்பர் ஷீட்டை வெயிலில் போட்டு மறந்துவிட்டால் அப்பா எப்படிக் கோபப்படுவார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்ததும் புகைப்புரைக்குள் ஏற்றிவிட வேண்டும், வெயிலில் கிடந்தால் பிசுபிசுத்து விலை போகாது. டயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்துகிறார்கள், கார்பன் கரியும் கலக்கிறார்கள். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வழிதான் அதற்கு அடிப்படை. அதனால் அது ஷீட் போல இளகுவதில்லை. ஆனாலும் ரப்பர் ரப்பர்தான். வெயிலும், காற்றில் இருக்கிற ஓசோனும், ஆக்சிஜனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக வைத்து வெடிக்க வைக்கின்றன.

இதில் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வெடிக்காமல் இருக்க டயருக்குள் ஒருவித மெழுகு கலந்திருப்பார்கள். வண்டி ஓடி, டயர் வளைந்து நிமிரும்போது அது மேலே வந்து மெல்லிய படலமாகப் படியும். நிற்கிற காரில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. ஓடாத கார் என்று நீ நிம்மதியாக இருந்தாயே, ஓடாததுதான் அதற்குக் கேடு. காற்றும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) தானாகவே குறையும். அளந்து பார்த்தேன், பின்பக்கம் ஒன்றில் 14 தான் இருந்தது. கதவோரத்து ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. அந்த டயர் அடியில் சப்பையாகி, பம்பு அடித்த பிறகும் வட்டம் திரும்பவில்லை.

சரி, ஓடுகிற காரின் கதை வேறு. அதில் எனக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன்.

என் காரின் முதல் செட் 47,000 கிலோமீட்டர் ஓடியது. நம் ஊரில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாற்பதிலிருந்து ஐம்பதாயிரம் வரை எதிர்பார்க்கலாம். இரண்டாவது செட்டும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஜூலை மழையில், தக்கலையிலிருந்து வரும்போது, தண்ணீர் நிறைந்த ஒரு குழியில் இடது முன்சக்கரம் தடாலென்று இறங்கியது. டயர் வெடிக்கவில்லை, ரிம் நெளியவில்லை. தப்பித்தோம் என்று வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுத்தது. கை அதற்குப் பழகிவிட்டது. மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன்.

அக்டோபரில் ஆயில் மாற்றப் போனபோது வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். பையன் என்னைக் கூப்பிட்டு இடது முன்டயரின் உள்பக்கத்தைக் காட்டினான். வெளிப்பாதியில் பட்டன் தெளிவாக இருக்கிறது. உள்விளிம்பு உள்ளங்கை போல மொட்டை, ஓரிடத்தில் கம்பி தெரிகிறது. 26,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. நின்றுகொண்டு பார்த்தால் அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது மக்கா. அதற்கு முந்தின வாரம்தான் மகளையும் பேரனையும் வைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாயில், அந்தக் குறுக்குக்காற்றில், 90-இல் போயிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழியில் விழுந்த அடியில் சக்கரத்தின் திசை ஒரு மயிரிழை வெளியே திரும்பியிருக்கிறது. அப்படித் திரும்பின சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபடும், துருவியில் தேங்காய் தேய்கிற மாதிரி. கையால் தடவினால் தெரியும்: ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பத்தின் பல் போலக் குத்தும். அப்படிக் குத்தினால் உடனே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் திசை, பார்க்க வேண்டும். ஸ்டியரிங் இழுத்த அன்றே நான் போயிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும்.

தேய்மானத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பங்க்கில் பையன் கேட்காமலே நாற்பது வைத்துவிடுவான், நாம்தான் ஸ்டிக்கரில் உள்ள அளவைச் சொல்ல வேண்டும். காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாகும் முன் அளந்தால்தான் கணக்குச் சரியாக வரும். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். நம் கார்களில் இன்ஜின் இழுப்பதும், திரும்புவதும், பிரேக்கின் பெரும்பாரமும் முன்சக்கரத்தில்தான்; அதனால் முன்டயர் சீக்கிரம் தேயும். 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றாகத் தேயும். பேச்சிப்பாறைப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு வளைவுகளிலேயே டயரின் தோள்பட்டை, அதாவது ஓரம், தேய்ந்துவிடுகிறது. என் தெருவில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், நேர்ரோடு, நிதானமான பிரேக். அவருக்கு 55,000 வரை வந்திருக்கிறது.

எப்போது மாற்றுவது என்பதில் எனக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். வரிப்பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அதற்குச் சமமானால் முடிந்தது. ஆனால் நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீரை வெளியே தள்ளும். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே ஈரரோட்டில் பிரேக் நீளமாகப் போவதை நான் காலில் உணர்ந்திருக்கிறேன். அந்தக் கடைசிச் சில ஆயிரம் கிலோமீட்டர் எனக்கு வேண்டாம்.

உன் காருக்கு நான் செய்திருப்பது இது. பழைய டயரை வைத்து ஓட்ட விடவில்லை. சாவியை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன், தம்பி மகன் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நாகர்கோவிலில் இரண்டு கடையில் விலை கேட்டிருக்கிறேன். நாலு எண்ணைப் பார்த்து, செய்து ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக எடுக்கலாம். வால்வையும் சேர்த்து மாற்றிவிடுவோம், அதுவும் ரப்பர்தான். ஸ்டெப்னி ஒரு நாள்கூட ஓடவில்லை, ஆனால் அதற்கும் அதே வயது; அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை போக மட்டும் இருக்கட்டும். நீ திரும்பிப் போன பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான் வந்து காரை எடுத்து தக்கலையிலிருந்து திங்கள்சந்தை வரை ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும். மேற்குப் பக்கத்துக்கு ஒரு பச்சை வலைத்துணி கட்டச் சொல்லியாயிற்று.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுது. டாக்ஸிக்குச் சொல்ல வேண்டாம், நானே திருவனந்தபுரத்துக்கு வருகிறேன். என் முன்டயர் இரண்டும் மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்