கர்சனின் ஐரிஷ் பட்டம்

அன்புள்ள முத்து,

கர்சனுக்கு ஆண் வாரிசே இல்லை, அப்புறம் எப்படி அவர் வழியில் இன்னும் ஒரு பிரபு இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். விடை பட்டம் வழங்கிய பட்டயத்தின் வாசகத்தில் இருக்கிறது.

1898-இல் இந்திய வைஸ்ராய் பதவியோடு அவர் வாங்கிக்கொண்டது அயர்லாந்துப் பிரபு பட்டம். ஆளோ இங்கிலாந்தின் டெர்பிஷயர்க்காரர். அன்று பிரிட்டிஷ் பட்டம் என்றால் நேரே பிரபுக்கள் சபைதான், மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையின் கதவு மூடிவிடும். 1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்த பின் ஐரிஷ் பிரபுக்கள் தங்களுக்குள் 28 பேரை ஆயுளுக்கும் தேர்ந்தெடுத்துப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார்கள்; மற்றவர்கள் பிரிட்டனில் காமன்ஸ் தேர்தலுக்கு நிற்க முடிந்தது. பாமர்ஸ்டன் அப்படித்தான் காமன்ஸில் இருந்தபடியே பிரதமரானார். 39 வயது கர்சனின் கணக்கும் அதுவே. ஆனால் அவர் காமன்ஸுக்குத் திரும்பவில்லை. 1908-இல் அந்த 28 பேரில் ஒருவரானார். (அந்தத் தேர்தலில் வாக்கு சமமானால், இரு பெயர்களையும் ஒரே மாதிரிச் சீட்டுகளில் எழுதிக் கண்ணாடிக் குவளையில் போட்டு, சபை எழுத்தர் ஒன்றை எடுப்பது அன்றைய விதி. நம் குடவோலைதான்!)

ஐரிஷ் பட்டம் அவருக்குப் பிறக்கும் ஆண் வழிக்கு மட்டும். பிறந்ததோ மூன்று பெண்கள். 1911-இல் புதுப் பட்டங்கள் வந்தபோது உஷாராகிவிட்டார்: ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட் பட்டம் அப்பாவின் ஆண் வழிக்கு, ரேவன்ஸ்டேல் மகள்களுக்கு என்று எழுதவைத்தார். 1925-இல் அவர் இறந்ததும் ஐரிஷ் பட்டம் அற்றுப்போனது. ஸ்கார்ஸ்டேல் தம்பி மகனுக்கு. ரேவன்ஸ்டேல் மூத்த மகள் ஐரீனுக்கு, 1966-இல் அவர் தங்கை சிந்தியாவின் மகன் நிக்கலஸ் மோஸ்லிக்கு.

கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பாடு இன்னும் மோசம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799-இல் கிடைத்த மார்க்வெஸ் பட்டம் ஐரிஷ் பட்டம் என்பதால், ‘இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு’ என்று பொருமினார். பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் கல்யாணத்துக்கு முன் பிறந்தவர்கள். தாயைப் பிறகு மணந்தும் சட்டம் அவர்களை ஏற்கவில்லை. 1842-இல் மார்க்வெஸ் பட்டம் அவரோடு போனது. அப்பாவிடமிருந்து வந்த மார்னிங்டன் ஏர்ல் பட்டம் தம்பி வில்லியத்துக்கு.

இன்று உரிமை கோருபவரின் பெயர், 2004-இல் தொடங்கிய பிரபுக்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அரசு ஆவணங்களில் பட்டப்பெயர் வராது. பிறப்பு, பெற்றோரின் திருமணம், முன்னவரின் இறப்பு, மூன்றுக்கும் சான்று வேண்டும். லூகன் ஏர்ல் 1974-இல் காணாமல் போனார். மகனுக்கு இறப்புச் சான்று கிடைத்தது 2016-இல்! அதைவிடக் கஷ்டம், தனக்கு மூத்த கிளைகளில் ஆண் வாரிசு எவரும் இல்லை என்று நிரூபிப்பது. ஐரிஷ் பட்டம் என்றால் இன்னும் சிக்கல்: 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக் காப்பகம் எரிந்து, உயில்களும் தேவாலயப் பதிவேடுகளும் ஏராளமாகச் சாம்பலாகிவிட்டன. டப்ளின் கோட்டையில் இருந்த, அயர்லாந்தின் குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிவு செய்த அல்ஸ்டர் அலுவலகத்தின் ஏடுகள் தப்பின. முதலில் புரட்ட வேண்டியது அவற்றைத்தான்.

அன்புடன்,
ராகவன்