மே மாதத்துப் பூவுக்கு மலையேற வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்தால் போதும், பத்திரிகைகளில் கோடைச் சுற்றுலாப் பக்கங்கள் வந்துவிடுகின்றன. ஊட்டி மலர்க் கண்காட்சி எப்போது, கொடைக்கானலில் கூட்டம் எப்படி, இ-பாஸ் எடுப்பது எப்படி என்று எல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள். 2024 மே மாதம் நீதிமன்ற உத்தரவின்படி அந்த இ-பாஸ் வந்த பிறகு இந்தச் செய்திகள் இன்னும் தேவைப்படுகின்றன, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இவற்றையே வருஷா வருஷம் படித்துப் படித்து, கோடையில் பூ பார்க்க வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும், கீழே இருக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் கிடக்க வேண்டியதுதான் என்று நம் ஆட்கள் முடிவே கட்டிவிட்டார்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது மதுரையில். அக்னி நட்சத்திரத்தில் இங்கே வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில்தான் எங்கள் வீட்டுக் கொல்லை வருஷத்திலேயே அதிகமாகப் பூக்கிறது.

பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம், ஓரத்தில் ஒரு வேம்பு. ஆறு மல்லிச் செடி, இரண்டு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, சுவரோரம் இட்லிப்பூ, வேலியில் சங்குப்பூ, அப்புறம் யாரும் வைக்காமலே முளைத்து எந்த வெயிலுக்கும் அசராமல் நிற்கிற நித்தியகல்யாணி. நடுவில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி. மாமனார் காலத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி அது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர் பிடிக்கும். மாடுகளைக் கொடுத்த பிறகு பல வருஷம் உடைந்த நாற்காலியும் பழைய டயருமாகக் கிடந்தது. இப்போது அதுதான் எங்கள் குளம். வீட்டில் எல்லோரும் அதைக் குளம் என்றேதான் சொல்கிறோம்.

முதலில் மல்லியைச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. ஆனால் மல்லிக்குக் கோடைதான் பருவம் என்பது பூ வாங்குகிற பலருக்குத் தெரிவதில்லை. மார்கழி, தையில் பனி விழுந்தால் மொட்டு அடங்கிவிடும், அதனால்தான் அப்போது விலை அப்படி ஏறுகிறது. கார்த்திகை பாதியில், அதாவது நவம்பர் கடைசியில், செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தூரில் மக்கிய சாணம் போட்டுவிட்டால் பங்குனியில் மொட்டு எடுக்கத் தொடங்கி ஆனி வரைக்கும் விடாமல் வரும். வெட்டும்போது கை கூசும், இவ்வளவு குறைக்க வேண்டுமா என்று தோன்றும், ஆனால் குறைக்கத்தான் வேண்டும். வெயில் ஏற ஏறச் செடி வேகம் பிடிக்கும். தூரில் காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் பரப்பிவிட்டு, காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டால் மத்தியானம் இலை வாடுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும்.

காலையில் ஆறு மணிக்கு முன்னால் நானும் மகளும் மொட்டு பறிக்கப் போவோம். அன்று சாயங்காலம் மலரப் போகிற மொட்டு எது, நாளைக்குப் போகிறது எது என்று விரலுக்குத் தெரியும். நாளையது பச்சை கலந்து இறுக்கமாக இருக்கும், இன்றையது பால் வெள்ளையாகக் கொஞ்சம் பருத்து, காம்பிலிருந்து சட்டென்று வந்துவிடும். இந்த மலரப் போகிற மொட்டுக்குத் தமிழில் ‘போது’ என்று தனிப் பெயரே உண்டு. நல்ல நாளில் அரைப்படி தேறும். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, கண் சரியாகத் தெரியாது, ஆனால் வாழைநாரைக் கையில் கொடுத்தால் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இரண்டு முழம் கட்டிவிடுவார்கள். ராத்திரி ஏழரை மணிக்கு மேல் செடியில் விட்டுவைத்த மொட்டுகள் அவிழத் தொடங்கும். கரண்ட் போன ஒரு ராத்திரியில் எல்லோரும் கொல்லையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம், அப்போது வந்த வாசத்துக்காகவே மறுநாள் கரண்ட் இருந்தும் அங்கேயே படுத்தோம்.

இனி குளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பு, சந்தையில் கிடைத்த ஜிலேபிக் கெண்டையை வாங்கி விட்டது. அது மண்ணைக் கிளறி, அல்லிக் குருத்தைத் தின்று, தண்ணீரைச் சேறாக்கிவிட்டது. அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சின்னக் கப்பி மீன்கள் பத்து வாங்கி விட்டோம், சீக்கிரமே கணக்குத் தெரியாத அளவுக்குப் பெருகிவிட்டன. அல்லிக்கு அகலமான பிளாஸ்டிக் டப்பில் வண்டல் களிமண், அடியில் ஒரு பிடி காய்ந்த சாணம், மேலே மண் கலையாமல் இருக்க இரண்டு விரல் உயரம் மணல். தேங்காய் நார்க் கழிவு கலந்த நர்சரி மண்ணைப் போட்டால் எல்லாம் மிதந்து மேலே வந்துவிடும். முதல் மாதம் தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது, மாற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்கள் மாற்றவில்லை. அல்லி இலை பாதிக்கு மேல் மூடியதும் வெயில் உள்ளே இறங்குவது குறைந்து, பாசி அடங்கி, தரை தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிட்டது. தாமரையும் வைத்துப் பார்த்தோம், இலையோடு நின்றுவிட்டது. தாமரைக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், எங்கள் வேப்பமரம் அதற்கு விடாது.

எங்களுடையது ஊதா அல்லி. காலை எட்டரை மணிக்கு மேல் விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும், இப்படி ஒரே பூ மூன்று நாலு நாள் விரிந்து விரிந்து மூடும், கடைசியில் காம்பு வளைந்து பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். முதல் நாள் பூவைக் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். நடுவில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு குழி, அதில் துளி நீர் தேங்கி நிற்கும். சிறு தேனீ சில சமயம் அதில் விழுந்து தத்தளிக்கும், என் மகள் துடைப்பக் குச்சியால் எடுத்துவிடுவாள். மறுநாள் அதே பூவில் அந்த நீர் இருக்காது, மகரந்தம் உதிரத் தொடங்கியிருக்கும். முதல் நாள் பெண், மறுநாள் ஆண் என்று ஒரே பூ வேலையை மாற்றிக்கொள்கிறது. புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய பாடம்தான், கண்ணால் பார்க்க எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

அடுத்து வருகிற கேள்வி கொசு. நியாயமான கேள்வி. டெங்கு தடுப்புக்காக வீடு வீடாக வந்த ஒருவர் தொட்டித் தண்ணீரை உடனே திறந்துவிடச் சொன்னார். கோபப்படவில்லை, அவர் வேலையை அவர் செய்தார். பக்கத்தில் இருந்த பூந்தொட்டியின் அடித்தட்டில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களை (அதை நாங்கள்தான் கவனிக்காமல் விட்டிருந்தோம்) ஒரு டம்ளரில் எடுத்து அவர் கண் முன்னாலேயே குளத்தில் ஊற்றினேன். கப்பிகள் நாலு பக்கமிருந்தும் வந்தன, அவர் குனிந்து பார்ப்பதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. டெங்கு கொசு தேடுவது இந்த அடித்தட்டு, பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, சிரட்டை, டயர் மாதிரி மீனும் தட்டானும் எட்டிப் பார்க்காத சின்னத் தண்ணீரைத்தான். அதைத்தான் வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். மீன் இருக்கிற தொட்டியில் இடுகிற முட்டை கொசுவாக வெளியே வருவது கஷ்டம். மீன் மட்டுமில்லை, தட்டானின் குஞ்சும் தண்ணீருக்குள் இருந்தபடி கொசுப்புழுவைத் தின்கிறது. சித்திரையில் ஒரு நாள் காலையில் அல்லிக் காம்பில் முதுகு பிளந்த ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது, கால் நகம் வரை அப்படியே அச்சாக. பக்கத்தில் சிறகு இன்னும் காயாத தட்டான்.

தண்ணீருக்கே வழியில்லாத கோடையில் குளமா என்று கேட்பார்கள். நான் அளந்து பார்த்ததைச் சொல்கிறேன். மே மாதத்தில் எங்கள் தொட்டியில் ஆவியாகிப் போவது நாளைக்கு ஒரு குடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை நாலைந்து குடம் குளத்துத் தண்ணீரை மொண்டு மல்லிக்கு ஊற்றிவிட்டு, அதை ஈடுகட்டுகிறோம். எப்படியும் செடிக்கு ஊற்றப் போகிற தண்ணீர்தான், போகிற வழியில் குளத்தில் தங்கிப் போகிறது. மீன் கழிவு கலந்திருப்பதால் தனியாக உரமும் அதிகம் தேவைப்படவில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மட்டும் ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் லாரி வந்தால்தான் சமையல் என்கிற தெருவில் இருப்பவர்களிடம் நான் இதைச் சொல்ல மாட்டேன், அவர்கள் வாசலில் ஒரு மண்சட்டியில் குருவிக்குத் தண்ணீர் வைத்தாலே பெரிய காரியம்.

குருவி என்றதும் ஞாபகம் வருகிறது. பத்து மணிக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும், ஆறேழு இருக்கும், ஒன்று குளிக்கும்போது மற்றவை விளிம்பில் உட்கார்ந்து சத்தம் போடும். அணில் குடிக்க வசதியாகச் சரிவாக ஒரு பலகை போட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் தவறி விழுந்தால் ஏற முடியாமல் செத்துவிடும். மீன்கொத்தி ஒன்று வேப்பங்கிளையில் வந்து உட்காருகிறது. வலை போடச் சொன்னார்கள், போடவில்லை, அதற்கும் பசிக்கும். கம்பிக் கதவு ஒன்று செய்து வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. கொழுந்தனார் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது சின்னவனுக்கு இரண்டு வயதுதான். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு அடித் தண்ணீராக இருந்தாலும் மேலே கம்பி போட்டு மூடாமல் வைக்கவே கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நர்சரியில் அழகாக இருக்கிறதென்று வெங்காயத்தாமரையை வாங்கி விடாதீர்கள். வீட்டில் பெருகிவிட்டது என்று அதையும், மீனையும், யாரோ ஒருவர் கண்மாயில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். நம் கண்மாய்கள் அதனால் பட்டது போதும்.

இதெல்லாம் புதுப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தைப் பார்க்க வேண்டும். திருமலை நாயக்கர் அதை 17-ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டினார். வைகாசி வெயிலில் சாமியை நடுவில் எழுந்தருளச் செய்து, சுற்றிலும் தண்ணீர் நிறுத்துவதற்கென்றே வாய்க்கால் வைத்துக் கட்டிய மண்டபம் அது. சாமிக்குச் செய்ததைத்தான் நாங்கள் மாட்டுத் தொட்டியில் செய்திருக்கிறோம்.

என் வருத்தம் எல்லாம் எங்கள் தெருவைப் பார்க்கும்போதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு கொல்லையில் மண் இருந்தது, ஒரு மல்லிச் செடியாவது இருந்தது. இப்போது குப்பை விழுகிறது, பூச்சி வருகிறது, கார் நிறுத்த வேண்டும் என்று சுவரிலிருந்து சுவர் வரை சிமெண்ட் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க முடிவதில்லை. எங்கள் கொல்லையில் அதே நேரத்துக்குப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். அப்புறம் அந்த வீட்டுக்காரர்களே வந்து, இங்கே மட்டும் எப்படி ஜிலுஜிலுவென்று இருக்கிறது என்று கேட்கிறார்கள். பாதி சிமெண்டை உடைத்துவிட்டு மண்ணைத் திறந்து விடுங்கள் என்றுதான் பதில் சொல்கிறேன். ஒரு வீட்டில் உடைத்தும் விட்டார்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். கோடைச் சுற்றுலாவுக்கு இரண்டு பக்கம் போடும்போது, கீழே ஒரு கால் பக்கமாவது வீட்டுப் பூவுக்கு ஒதுக்குங்கள். திருநெல்வேலியில் மே மாதம் என்ன பூக்கிறது, வேலூரில் எந்தச் செடி தாங்குகிறது, மொட்டை மாடி மட்டும் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அந்தந்த ஊர் வாசகர்களையே எழுதச் சொல்லுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சியை நான் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் வேப்பெண்ணெய் தெளித்தும்தான் சமாளிக்கிறேன், இதைவிட நல்ல வழி வைத்திருப்பவர்கள் எழுதினால் எனக்கும் உதவும்.

எங்கள் அல்லியில் முதிர்ந்த இலையின் நடுவில், காம்பு சேருகிற இடத்தில், குட்டிச் செடி ஒன்று முளைக்கிறது. இலை அழுகும்போது அது வேர் விட்டுத் தனியாக மிதக்கும். இந்த வருஷம் இதுவரை பதினொன்று எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஏழு தெருக்காரர்களுக்குப் போய்விட்டது, நாலு பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
திருநகர், மதுரை.