வாளி தூக்க முடியவில்லை என்பதற்காகப் பவளத் தொட்டியைக் கலைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார். எட்டு ஆண்டுகள் வளர்த்த பவளத் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாராம். வாரந்தோறும் உப்புநீர் வாளி சுமக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை, தானாகத் தண்ணீர் மாற்றும் கருவியைக் கடையில் கேட்டால் விலை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 2018ல் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தபோது, இனி கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வரவேற்பறையில் இருந்த தொட்டிதான். அந்தப் பெரியவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் பம்பு பராமரிப்பில் இருந்தவன். ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். தொட்டியும் அதன் கீழ் அலமாரியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியும் சேர்ந்து 200 லிட்டர் பிடிக்கும். டார்ச், ஹேமர் என்னும் கடினப் பவளங்கள், சில காளான் பவளங்கள், ஒரு சோடி கோமாளி மீன். பவளங்கள் எல்லாம் அனுமதிச் சீட்டோடு இறக்குமதியான வளர்ப்புப் பவளங்கள்; கடற்கரையில் பொறுக்கியது ஒரு துண்டுகூட இல்லை.

முதலில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறார்கள். நீரில் மூழ்கும் சிறு பம்புகள் இரண்டு, மிதவைச் சுவிட்ச் இரண்டு, ஒரு டைமர். ஒரு பம்பு பழைய நீரை வெளியேற்றும். மட்டம் இறங்கியதும் மற்றது பீப்பாயிலிருந்து புதிய உப்புநீரை நிரப்பும். மட்டம் ஏறியதும் மிதவை அதை நிறுத்தும். ஏழு மாதம் நன்றாகவே ஓடியது. 2019 டிசம்பரில் ஓர் இரவு, நத்தை ஒன்று மிதவையின் தண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிதவை மேலே வரவில்லை, பம்பு நிற்கவில்லை. 60 லிட்டர் பீப்பாய் முழுவதும் காலியானது. வடிகட்டித் தொட்டி கொள்ளாததெல்லாம் தரையில் ஓடி, கீழ்வீட்டுக் கூரையில் கறையாக இறங்கியது. விடியற்காலையில் கதவைத் தட்டிய கீழ்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) முதலில் கேட்டது மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்றுதான். அந்த வாரமே நானும் என் மகனும் அவர் கூரைக்குப் புதுச் சாயம் பூசிக் கொடுத்தோம். கப்பலின் அடித்தட்டுப் பம்புகளில் மிதவைச் சுவிட்ச் சிக்கிக்கொள்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அங்கே ஒற்றை மிதவையை நம்பி ஒரு பம்பையும் விடமாட்டோம். வீட்டில் அந்தப் பாடத்தை மறந்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாவது முறை முற்றிலும் வேறு மாதிரி செய்தேன். அந்தக் கருவி 2020லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் இதயம் ஒரு பெரிஸ்டால்டிக் பம்பு. பசுவின் மடியில் பால் கறப்பதுபோல, உருளைகள் மென்மையான குழாயை அழுத்தி அழுத்தி நீரைத் தள்ளும். நீர் குழாயைத் தவிர வேறு எதையும் தொடாது. பம்பு நின்றாலும் ஏதாவது ஓர் உருளை குழாயை நெரித்துக்கொண்டே இருப்பதால், நீர் தானாக வழிந்து இறங்காது. நான் வாங்கியது ஆய்வகத்தில் பயன்படுத்திய பழைய பம்பு. ஒரே அச்சில் இரண்டு தலைகள்: ஒன்று பழைய நீரை வெளியே எடுக்கும், மற்றது அதே சுற்றில் புதிய நீரை உள்ளே விடும். இரண்டு மோட்டார் இருந்தால் ஒன்று ஓடி மற்றது நிற்கும் வாய்ப்பு உண்டு. ஒரே அச்சில் அதற்கு வழியில்லை. டிஜிட்டல் டைமர் மூன்று மணிக்கு ஒரு முறை 20 நிமிடம் ஓட்டும். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 4 லிட்டர் மாறும். பம்பு, குழாய், பெட்டிகள் எல்லாம் சேர்த்து எனக்கு 180 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது.

200 லிட்டரில் 4 லிட்டர் என்பது 2 விழுக்காடு. 30 நாளில் 120 லிட்டர் மாற்றுகிறோம், ஆகவே 60 விழுக்காடு புதுநீர் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இன்று வெளியேறும் நீரில் நேற்று விட்ட புதுநீரும் கலந்திருக்கும். கணக்குப் போட்டால் மாதக் கடைசியில் பழைய நீர் கிட்டத்தட்ட 55 விழுக்காடு மிஞ்சியிருக்கும், புதியது 45தான். ஒரே நாளில் வாளியால் மாற்றுவதோடு ஒப்பிட்டால் உப்புச் செலவு கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் நான் இதைத்தான் விரும்புகிறேன். அரை லிட்டர் மாறுவது பவளத்துக்குத் தெரியவே தெரியாது. வெப்பமோ உப்போ திடீரென்று மாறுவதில்லை. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டுக்கும் ஓர் உச்சவரம்பு கிடைக்கிறது: தொட்டியில் நாளொன்றுக்குப் பத்து லட்சத்தில் 0.2 பங்கு நைட்ரேட் சேர்ந்தால், தினம் 2 விழுக்காடு மாற்றும்போது அது 10ஐத் தாண்டாது. 0.2ஐ 0.02ஆல் வகுத்தால் வரும் எண் அதுதான். கடினப் பவளங்கள் எலும்புகட்ட எடுத்துக்கொள்ளும் சுண்ணாம்புச் சத்தையும் காரத்தன்மையையும் மட்டும் இந்த 2 விழுக்காடு ஈடுசெய்யாது. அவற்றைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

இனி சொல்லப்போவதை அந்தப் பெரியவர் கவனமாகப் படிக்க வேண்டும்.

வெளியேறும் அளவும் உள்ளே வரும் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இதில் தவறினால் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது, அதனால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நம் தொட்டிகள் பலவற்றிலும் ஆவியாகும் நீரை ஈடுகட்ட நன்னீர் ஊற்றும் தானியங்கி நிரப்பி இருக்கிறது. 4 லிட்டர் உப்புநீர் வெளியே போய் 3.6 லிட்டர் மட்டும் உள்ளே வந்தால், குறையும் 400 மில்லியை அந்த நிரப்பி நன்னீரால் நிரப்பிவிடும். மட்டம் எப்போதும் சரியாகவே தெரியும். உப்பு மட்டும் நாளுக்கு நாள் வெளியேறிக்கொண்டிருக்கும்.

2022ல் எனக்கு இது நடந்தது. வெளியேற்றும் குழாயில் வெடிப்புக் கண்டதால் அதை மட்டும் மாற்றினேன். மற்றது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். உருளைகளுக்கிடையே மாதக்கணக்கில் நசுங்கிய குழாய் தன் விறைப்பை இழந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய குழாயைவிடக் குறைவாகவே நீரைப் பிடிக்கும். அந்த வித்தியாசம் பத்து விழுக்காடு. நான்காவது வாரத்தில் டார்ச்சின் விரல்கள் சுருங்கத் தொடங்கின. விளக்குதான் காரணம் என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டி, இரண்டு வாரத்தை வீணாக்கினேன். பிறகுதான் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கு 33 பங்கு காட்டியது; இருக்க வேண்டியது 35. நம்பாமல், ஆயிரத்துக்கு 35 என்று அளந்து விற்கும் சோதனைக் கரைசலை வைத்துக் கருவியைச் சரிபார்த்து மறுபடி பார்த்தேன். அப்போதும் 33தான். ஆறு வாரத்தில் இரண்டு அலகு இறங்கியிருக்கிறது. கணக்கும் அச்சு அசலாக அதையே சொல்கிறது. உப்பை ஒரேயடியாகக் கொட்டவில்லை. நான்கு நாட்கள் தானியங்கி நிரப்பியில் நன்னீருக்குப் பதில் உப்புநீர் வைத்தேன். மின்விசிறி ஓடுவதால் என் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகும், ஆகவே நாளுக்கு அரை அலகு வீதம் மெல்ல ஏறியது. ஐந்தாம் நாள் டார்ச் விரிந்தது. ஹேமரில் ஒரு கிளை மட்டும் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு குழாய்களையும் ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து வெட்டித்தான் மாற்றுகிறேன். மாதம் ஒரு முறை இரண்டையும் ஒரே வாளியிலிருந்து உறிஞ்ச விட்டு, இரண்டு அளவுக் குவளைகளில் 20 நிமிடம் பிடித்துப் பார்க்கிறேன். 5 மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டும் குப்பைக்குப் போகும். இதைவிட எளிய காவல் ஒன்றும் வைத்திருக்கிறேன். புதுநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே மாதிரி 60 லிட்டர் பெட்டிகள், பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் லிட்டர் வாரியாக மையால் கோடு. ஒன்றில் 12 லிட்டர் இறங்கியிருந்தால் மற்றதில் 12 ஏறியிருக்க வேண்டும். போகிற போக்கில் பார்த்தாலே போதும். பலர் கழிவுநீரை நேரே கழிவறைக்குக் குழாய்விட்டு விடுகிறார்கள். அப்படி விட்டால் எவ்வளவு போனது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

பெட்டி 60 லிட்டர் பிடித்தாலும் நான் 40 லிட்டர்தான் கலந்து வைக்கிறேன். டைமர் பழுதாகி, யாரும் இல்லாத நேரத்தில் பம்பு நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டேன். 40 லிட்டர் உப்புநீர் மாறும். அது தீர்ந்ததும் வெளியேற்றும் தலை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். அதன் குழாயின் வாய் வடிகட்டித் தொட்டியில் வழக்கமான மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, ஆகவே 3 லிட்டருக்கு மேல் கிடைக்காது. தானியங்கி நிரப்பியின் குடுவையில் 8 லிட்டர் நன்னீர், அதுவும் போகும். மொத்தம் 51 லிட்டர். கழிவுப் பெட்டி கொள்ளும். உப்பு 35லிருந்து 33.6க்கு இறங்கும், பவளங்கள் தாங்கும். குடுவை இன்னும் பெரிதாக இருந்தால் வசதி என்று என் மனைவி சொன்னதுண்டு. காரணத்தை விளக்கியதும், தினமும் காலையில் துளசிக்கு நீரூற்றும்போது அதையும் அவரே நிரப்பிவிடுகிறார். பம்பைக் கழிவுப் பெட்டியின் வாய்க்கு நேர் மேலே பொருத்தியிருக்கிறேன். குழாய் கிழிந்தாலும் நீர் பெட்டிக்குள்தான் விழும். வெளியேற்றும் குழாய் கிழிந்து, உள்ளே வருவது மட்டும் தொடர்ந்தால் மட்டம் ஏறுமல்லவா? அப்போது பம்பை நிறுத்த ஒரு மிதவை உண்டு, நத்தை நுழையாதபடி வலைக்கூட்டுக்குள். அது தவறினாலும் வடிகட்டித் தொட்டியில் 15 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கிறது. அதாவது கோடுகளைப் பார்க்க எனக்கு மூன்றரை நாளுக்கு மேல் அவகாசம்.

மின்கம்பிகள் சுவரில் இருக்கும் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். கம்பி வழியே ஓடும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். மின்கசிவு துண்டிப்பான் இப்போது எல்லா வீடுகளிலும் கட்டாயம். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தபிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். நம் குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. குளோரினைப் போல ஒரு நாள் திறந்து வைத்தால் அது பறந்துவிடாது. நல்ல கரி வடிகட்டி, கரைந்த உப்புகளைத் தடுக்கும் சவ்வு, அதன்பின் அயனி நீக்கும் பிசின் ஆகிய மூன்றையும் கடந்த நீரில்தான் உப்புக் கலக்க வேண்டும். சவ்வு ஒதுக்கித் தள்ளும் நீர் கிடைப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். எங்கள் வீட்டில் அது தரை துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது. தண்ணீருக்காக இந்த நாடு எவ்வளவு பாடுபட்டது என்று பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. 40 லிட்டருக்கு உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பத்து நாளுக்கு ஒரு முறை நான் தூக்கும் கனம் அவ்வளவுதான். நன்னீர் மெல்லிய குழாய் வழியாகப் பெட்டிக்கே வந்துவிடுகிறது, அங்கேயே கலக்கிறேன். அன்று ஓர் இரவு மட்டும் பம்பு ஓய்வெடுக்கும்.

கழிவு உப்புநீரைச் சிறு பம்பால் கழிவறைக்குத்தான் அனுப்ப வேண்டும். தாழ்வாரத்து வடிகாலிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். மழைநீர் ஓடும் அந்தக் கால்வாய்களில் பல நம் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன, மற்றவை கடலுக்கு. நம் தென்தீவுகளைச் சுற்றி 250க்கும் மேற்பட்ட கடினப் பவள வகைகள் இருக்கின்றன. 1998, 2010, 2016, 2024 என்று நான்கு முறை கடல் சூடேறி அவை பெருமளவில் வெளிறின. நம் தொட்டி நீரோடு வேற்றுக் கடலின் பாசியும் புழுவும் அவற்றிடம் போய்ச் சேரக் கூடாது.

பம்பு விற்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உள்குழாய் தேயும் பொருள் என்பதையும், இரண்டு தலை உள்ள பம்பில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் வாயால் சொல்லுங்கள். மாற்றுக் குழாயைச் சோடியாக விற்பனைக்கு வையுங்கள்.

பிடோக் பெரியவருக்கு: உங்கள் தொட்டியில் ஒரு தலையாக வாங்கிய டார்ச் இப்போது பதினொரு தலையாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துக் கொடுக்குமுன் எனக்கு ஒரு சனிக்கிழமை தாருங்கள். என் தொலைபேசி எண்ணை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இரண்டு தலை உள்ள பழைய பம்பு இன்னொன்று சும்மா இருக்கிறது. புதுக் குழாய் ஒரு சோடியும் அளவுக் குவளை இரண்டும் எடுத்து வருகிறேன். பெட்டிகளை மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள், இரண்டும் ஒரே அளவாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி,
ஈசூன், சிங்கப்பூர்