பாப்பாவுக்கு, போர்டு விஷயமாக

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ உன் புதுக் கம்ப்யூட்டருக்கான மதர்போர்டைப் பற்றிப் பேசப் பேச நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உனக்கே பொறுக்காமல், "வாங்கலாமா வேண்டாமா, ஒண்ணு சொல்லுங்கப்பா" என்றாய். போனில் சொன்னால் பாதியிலேயே வாதாட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வா.

நீ பார்த்து வைத்திருப்பது ஆசுஸ் ஆர்ஓஜி கிராஸ்ஹேர் எக்ஸ்870இ ஹீரோ. அதில் உட்காரப் போவது ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர். பிராசஸரில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. கேமுக்கு அதுதான். போர்டில்தான் பேச்சு.

மதர்போர்டைக் கையில் எடுத்தால் லைட்டையும் டிசைனையும் விட்டுவிட்டு, பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கிற சதுரச் சோக்குகளை, அதாவது கரண்டைச் சீராக்குகிற சுருள்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை டப்பா, கொடுப்பது 12 வோல்ட். பிராசஸர் கேட்பது ஒன்றே கால் வோல்ட்டுக்குப் பக்கம். நடுவில் இறக்கிக் கொடுக்கிற வேலைதான் விஆர்எம். உன் பிராசஸருக்கு ஏஎம்டி வைத்திருக்கிற எல்லை 162 வாட். அதை 1.2-ஆல் வகுத்துப் பார், 135 ஆம்பியர் வருகிறது. நம் தெருமுனைப் பட்டறையில் இரும்பு கேட்டுக்குக் கம்பி ஒட்டுகிற கரண்ட் அது. கட்டைவிரல் அகலச் சில்லு ஒன்றுக்குள் அவ்வளவும் போகிறது. ஆகவே விஆர்எம் முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஹீரோவில் அந்த வேலைக்கு 18 பவர் ஸ்டேஜ் (கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சில்லுகள்), ஒவ்வொன்றும் 110 ஆம்பியர். பெருக்கினால் 1980. காகிதக் கணக்குதான் என்றாலும், ஒருத்தருக்குக் காப்பி போடக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதை. அதைவிட விலை குறைந்த எம்எஸ்ஐ எக்ஸ்870 டோமஹாக் போர்டில் 14 ஸ்டேஜ், தலைக்கு 80 ஆம்பியர். அதுவே 1120. பத்து சதவீதம் சூடாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 16 வாட்டை 14 பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாட் சொச்சம். மே மாசத்து மெட்ராஸிலேயே அந்த ஹீட்சிங்க் கையைச் சுடாது, பெங்களூரில் கேட்கவே வேண்டாம். அண்டா யாருக்கு என்றால், மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனை ஊற்றி ரெக்கார்டு போடுகிறவர்களுக்கு. நீ சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து மூன்று மணி நேரம் விளையாடுகிறவள்.

சில்லைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுகிற வித்தை இருக்கிறதே, அதைச் சொல்லி 'நீங்களே ஓவர்கிளாக் பண்ணினவர்தானே' என்று கேட்பாய். பண்ணினேன். நீ பிறந்த 1998 ஆகஸ்டில்தான் இன்டெலின் சல்லிசான பிராசஸர் செலரான் 300ஏ வந்தது. மெட்ராஸ் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் என் கைக்குக் கிடைக்க அடுத்த வருஷம் ஆகிவிட்டது. போர்டும் பிராசஸரும் பேசிக்கொள்கிற பாதையான பஸ்ஸின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பிராசஸர் அதன் நாலரை மடங்கு, அதனால் 300. பஸ்ஸை 100 ஆக்கினால் அதே நாலரை மடங்கில் 450. அதற்கு 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கிற துணைச் சில்லு) உள்ள போர்டு வேண்டும். அபிட் பிஎச்6 என்கிற அப்படி ஒரு போர்டில் ஜம்பர் பிடுங்குகிற தொல்லைகூட இல்லை, போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் மாற்றினால் போதும். முதல் தடவை அதை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறுப்புத் திரையில் 300 வரவேண்டிய இடத்தில் 450 என்று வெள்ளை எழுத்து. பக்கத்துக் கடை ஆட்கள் ஷட்டர் இறக்குவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அறிமுக விலையில் செலரான் 149 டாலர். அதே மாசம் வந்த பென்டியம் 2-450 669 டாலர். அந்த வித்தியாசத்தை ஒரு போர்டு துடைத்துக் கொடுத்தது பாப்பா. காசில்லாதவன் வித்தை அது.

இப்போது கதை தலைகீழ். உன் பிராசஸரைக் கம்பெனியே 5.2 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பிழிந்துதான் டப்பாவில் போடுகிறது. பிபிஓ என்கிற ஏஎம்டியின் வேகம் கூட்டுகிற வசதியில் நீ கூட்டிக்கொள்ள முடிவது 200 மெகாஹெர்ட்ஸ், நாலு சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜை இறக்கிக்கொள்ளலாம், சூடு குறையும். இந்த இரண்டையும் சல்லிசான பி650 போர்டிலேயே செய்யலாம். கேமில் இந்தச் சில்லு ஜெயிப்பது அதன் 96 எம்பி எல்3 கேஷால், அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகத்தால். அதில் 64 எம்பியைத் தனிச் சில்லாகச் செய்து, கணக்குப் போடுகிற கோர்களுக்கு அடியில் ஒட்டியிருக்கிறார்கள். முந்தின 7800எக்ஸ்3டி-யில் அது மேலே உட்கார்ந்து சூட்டை மூடிக்கொண்டிருந்தது. எந்தப் போர்டில் வைத்தாலும் கேஷ் அதே கேஷ்தான். அன்றைக்குச் சல்லிசான சில்லைத் தூக்கிவிட நல்ல போர்டு வாங்கினோம். இன்றைக்கு ஏற்கெனவே உச்சியில் இருக்கிற சில்லுக்கு 699 டாலருக்கு அறிமுகமான போர்டை வாங்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, அட்டைப்பெட்டியில் பெரிசாகப் போட மாட்டார்கள். இந்தப் பிராசஸரிலிருந்து வருவது மொத்தம் 28 லேன், அதாவது டேட்டா போகிற தடம். சிப்செட்டுக்கு நாலு, கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு நாலு. மிச்ச நாலை எக்ஸ்870 போர்டுகளில் பொதுவாக யூஎஸ்பி4 போர்ட் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஹீரோவில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி சொருகினால் கிராபிக்ஸ் கார்டின் 16 எட்டாகிவிடும். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, உண்மைதான். இருந்தாலும் இவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு எந்த ஓட்டையில் எதைச் சொருகலாம் என்று மேனுவலைப் புரட்டுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஹீரோவில் எனக்குப் பொறாமை வருவது ஒன்றே ஒன்றில்தான். எங்கே கோளாறு என்று இரண்டு இலக்கக் குறியீட்டில் காட்டுகிற, போர்டு ஓரத்துச் சின்ன டிஸ்ப்ளே. எங்கள் காலத்தில் ஸ்பீக்கர் மாட்டி, ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் என்று எண்ணிக்கொண்டிருப்போம். ரிச்சி ஸ்ட்ரீட் இரைச்சலில் அதுவும் காதில் விழாது. டோமஹாக்கில் அந்த டிஸ்ப்ளே இருக்கிறதோ இல்லையோ, பிராசஸர் இல்லாமலே பென் டிரைவில் பயாஸ் ஏற்றுகிற பட்டன் இருக்கிறது. உனக்கு அது போதும்.

என் தீர்ப்பு இது. டோமஹாக் வாங்கு, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடு. ஹீரோதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அழகாக இருக்கிறது, ஆசையாக இருக்கிறது என்று சொல்லி வாங்கு. அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஃப்ரேம் கூடும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

எந்தப் போர்டானாலும் சில விஷயம். ரேம் இரண்டே குச்சி வாங்கு, வேகம் 6000 போதும். நாலு ஓட்டை இருக்கிறதே என்று நாலும் சொருகினால் வேகம் விழுந்துவிடும். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு. லைன் ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது, கடைசி ஓட்டை காலியாக இருந்தால் சிக்னல் அங்கே முட்டித் திரும்பும். முதல் தடவை ஆன் பண்ணும்போது திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயந்து பவரை அணைத்துவிடாதே. ரேமை அதன் முழு வேகத்துக்குக் கொண்டுவருகிற எக்ஸ்போவைப் பயாஸில் போட்ட பிறகு எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது பிராசஸரில் ரேமைக் கவனிக்கிற பகுதிக்குப் போகிற வோல்டேஜைப் பார், 1.3-ஐத் தாண்டக்கூடாது. 2023-இல் சில எக்ஸ்3டி சில்லுகள் சாக்கெட்டோடு கருகின பிறகுதான் அந்த வரம்பே வந்தது. கர்வ் ஆப்டிமைசரில் பேராசைப்பட்டு இறக்கினால், பெஞ்ச்மார்க்கில் தாக்குப்பிடிக்கும். நீ சும்மா பிரௌசர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். லோடு குறைந்த நேரத்தில்தான் கிளாக் உச்சிக்குப் போகும், அதனால்.

அப்புறம், அந்த வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா? பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்கிறது என்றாயே. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மதர்போர்டெல்லாம் அப்புறம்.

சாக்கெட்டில் 1718 பின், தலைமுடி மாதிரி. நான் வருகிற சனிக்கிழமை வரைக்கும் அதன் மூடியைத் திறக்காதே. உனக்கு ஆறு வயசில், கப்பாசிட்டர் எல்லாம் தலை உப்பி வெடித்துக்கொண்டிருந்த காலம், ராத்திரி ராத்திரி நான் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பேன். நீ டார்ச் பிடிப்பாய், பாதி நேரம் என் கண்ணுக்குள்ளேயே அடிப்பாய். இப்போது எனக்குக் கை லேசாக நடுங்குகிறது, அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே. பிராசஸரை நீயே வை. நான் டார்ச் பிடிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா