சிட்டி ஸ்டேடியம் காவலருக்கு

காணாமல் போன அப்பா கிடைத்துவிட்டார். ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டார், இப்போது தூங்குகிறார். செவ்வாய்க்கிழமை முதல் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

படத்தைப் பகிர்ந்தவர்கள், போலீஸ்காரர்கள், தண்ணீர்மலை வரை மோட்டாரில் சுற்றிய தம்பிகள், குவீன் ஸ்திரீட் கோயிலில் எங்களைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்ட அக்காமார்கள், எல்லாருக்கும் கும்பிடு. யாராவது விட்டுப்போயிருந்தால் கோபிக்காதீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. பினாங்கு டத்தோ கெராமாட் சாலை சிட்டி ஸ்டேடியத்தின் நேப்பாளிக் காவலர்.

படகுத்துறை, ஜி.எச். ஆஸ்பத்திரி, கொம்தார் கட்டடம் என்று தேடினோம். திடலை மறந்துவிட்டோம். 2000-இல் பத்து காவானில் பெரிய ஸ்டேடியம் வந்த பிறகும், பினாங்கு கால்பந்து அணிக்கு வீடு இந்தப் பழைய திடல்தான் என்று சாதித்த மனுஷன் வேறெங்கே போவார்?

பூட்டிய கேட்டின் முன் நின்று டிக்கெட் கேட்டிருக்கிறார். அன்று ஆட்டமே இல்லை. காவலர் அதைச் சொல்லவில்லை. "இன்னும் நேரம் இருக்கு, பாக்சிக், உட்காருங்க" என்று மலாயில் சொல்லி (பாக்சிக் என்றால் மாமா), தன் நாற்காலியைக் கொடுத்திருக்கிறார். மழைக்குத் தன் ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டு, அப்பா சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் போட்டார்.

நான் போனபோது அப்பா கையில் பையில் கட்டிய தே ஓ, பால் இல்லாத தேநீர். மலேசியக் கிண்ணம் ஜெயித்த வருஷங்களை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: 1953, 54, 58, 74. என் பேர் அவருக்கு வரவில்லை. 74-இல் பேராக் அணியை வீழ்த்திய கதையில் ஷஹாருதீன், நமாட் என்று ஆட்டக்காரர்கள் எல்லார் பேரும் வந்தது. அந்தக் காவலர் பையன் பிறப்பதற்கு முந்திய கதை அது. அவன் "அப்புறம்?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டில் நாங்கள் "சொல்லியாச்சுப்பா" என்போம்.

2016-இல் பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி அடித்த அந்த வளைந்த ஃப்ரீ கிக், வருஷத்தின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது வாங்கியதே, அதுவும் இதே திடலில்தான். அன்று அப்பா கூப்பிட்டார். எனக்கு வேலை இருந்தது. இனி இங்கே ஆட்டம் உள்ள நாளெல்லாம் நானே கூட்டிப்போகிறேன்.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை மலாயில் சொல்லிவிடுங்கள்: தம்பி, உங்கள் ஜாக்கெட் எங்களிடம்தான் இருக்கிறது. துவைக்கக் கேட்டாலும் அப்பா கழற்ற மாட்டேன் என்கிறார். அடுத்த ஆட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார்.