கட்டிலுக்கு அடியில் ஒரு பட்டச் சான்றிதழ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீடியோ கேம்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற அதன் கவலையில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் போகிற போக்கில், வசனமே இல்லாத விளையாட்டில் கதை எங்கிருந்து வரும் என்று கட்டுரையாளர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வங்கியில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். சீட்டாட்டம் தவிர வேறு ஆட்டம் அறியேன். தீபாவளிக்கு வந்திருந்த மகள் தன் லேப்டாப்பில் 'அன்பேக்கிங்' என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்து, "சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது அப்பா, வீடு மாற்றுவதுதான்" என்றாள். மாற்றல் உத்தரவோடு ஆறு ஊர் அலைந்தவனிடம், வீடு மாற்றுவதை விளையாட்டு என்கிறாளே என்று சிரித்தேன்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் விட்ச் பீம் என்ற சிறிய குழு உருவாக்கி 2021-இல் வெளியிட்டது அது. ரென் பிரையர், டிம் டாசன் என்ற இருவர் ஒரே வீட்டில் குடியேறிச் சாமான்களை அடுக்கியபோது தோன்றிய யோசனையாம். 1997 முதல் 2018 வரை ஒரு பெண் எட்டு முறை குடி மாறுகிறாள். ஒரு முறையும் அவள் நம் எதிரே வந்து நிற்பதில்லை. அட்டைப்பெட்டிகளைத் திறந்து, அவளுடைய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் இடத்தில் நாம் வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஒரே பொருளை மர அலமாரியில் வைத்தால் ஒரு சத்தம், சமையல் மேடையில் வைத்தால் வேறு சத்தம். இதற்காக 14,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவள் படம் வரைகிறவள் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. வரைகிற சாமான்கள் வீட்டுக்கு வீடு கூடவே வந்து சொல்லிவிடுகின்றன.

2010-இல் அவள் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிற வீடு. அவன் பொருள்களைக் கொஞ்சம் நகர்த்தி, நெருக்கி, இவளுடையவற்றைச் செருக வேண்டியிருக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து அவளுடைய பட்டச் சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டபடி. மாட்டச் சுவர் தேடினேன். எங்கு பார்த்தாலும் அவன் மாட்டிய படங்கள். பெட்டிகள் எல்லாம் காலியான பிறகு, இடம் மாறி இருக்கும் பொருளைச் சுற்றிச் சிவப்புக் கோடு மின்னும். சான்றிதழைச் சுற்றி அது மின்னிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள்" என்றாள். தள்ளினேன். சிவப்புக் கோடு போய்விட்டது. அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

என் மனைவி பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள். அந்தச் சான்றிதழும் ஆறு ஊருக்கு எங்களோடு வந்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் என்றாள், மிளகாய்த்தூள் டப்பா எங்கே என்று கேட்டால் சொல்கிற அதே குரலில்.

கட்டுரையாளர் கேட்டதற்கு வருகிறேன். அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை என்பதை ஒரு நாவல் நான்கு பக்கத்தில் சொல்லியிருக்கும். நானும் 'பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். இங்கே அந்தக் காதலன் வாயே திறக்கவில்லை. சான்றிதழைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன் நான். அவன் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு வழியில்லாமல் போயிற்று.

2012-இல் அவள் பெற்றோர் வீட்டுப் பழைய அறைக்கே திரும்பிவிடுகிறாள். பெட்டியில் ஒரு புகைப்படம். அவன் முகத்தில் ஊசி குத்தியிருக்கிறது. கண்ணில் படும்படி அதை வைக்க ஆட்டம் சம்மதிப்பதில்லை, எங்காவது உள்ளே மறைக்க வேண்டும். அடுத்த வீட்டில் சான்றிதழ் சுவரேறியது. நான்கு இடங்களில் மாட்டிப் பார்த்துத்தான் நான் ஓய்ந்தேன்.

கறாராகப் பார்த்தால் இது முழு மௌனமில்லை. ஒவ்வொரு வீடு முடிந்ததும் அவளுடைய புகைப்பட ஆல்பத்தில் ஒரு வரி தோன்றும். அந்த வரியையும் நீக்கியிருக்கலாம் என்பது என் கட்சி. 2022-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குக் கதைசொல்லலுக்கான விருதைக் கொடுத்தது. கட்டுரையாளர் இதைக் கவனிக்க வேண்டும்.

மாப்பிள்ளை இன்னொன்றை ஆடிக்காட்டினார். ஸ்வீடன் திரைப்பட இயக்குநர் ஜோசப் ஃபாரெஸ் இயக்கி 2013-இல் வந்த 'பிரதர்ஸ்'. அண்ணனும் தம்பியும் பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத பாஷை. கையில் பிடிக்கும் விளையாட்டுக் கருவியில் அண்ணனை இடது கையால் நடத்த வேண்டும், தம்பியை வலது கையால். (ஆட நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் கடப்பான். முடிவை நெருங்கும்போது அண்ணன் இறந்துபோகிறான். இடது கைக்கு வேலை நின்றுவிடுகிறது. பிறகு தம்பி தனியாக வெள்ளத்தின் முன் வந்து நிற்கிறான். வலது கை என்ன செய்தாலும் அவன் இறங்குவதில்லை. அண்ணனுக்கு உரிய இடது கைப் பொத்தானை அழுத்தினால் நீந்துகிறான். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, காபி இருக்கிறதா என்று கேட்டார்.

வசனமில்லாத எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. மூடுபனி, சோகமான பியானோ, இடமிருந்து வலமாக நடந்துகொண்டே இருக்கும் ஒரு தனிக் குழந்தை. மிச்சத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். மகள் ஆசையாகக் காட்டியவற்றில் அப்படியும் இரண்டு இருந்தன. எழுதத் தெரியாதவர்களுக்கு மௌனம் நல்ல ஒளிவிடம். கட்டுரையாளர் பார்த்தவை அந்த ரகமாக இருந்தால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.

பி.கு.: மனைவியின் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாமே என்று மறுநாள் சொன்னேன். "சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார்" என்றாள். நாங்கள் சொந்த வீட்டுக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. எந்த வீட்டுக்காரர் என்று நான் கேட்கவில்லை.