கேட்க நாதியில்லாத ஊரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கக் கட்டுரையில், 'அங்கே இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு பாரில் உட்கார்ந்து குடிக்கலாம், கேட்க நாதியில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி. டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் தோசையோடு பீரும் விற்கிற சின்ன உணவகம் நடத்துகிறவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்களைப் பாடாய்ப் படுத்துவதே இங்கே இருக்கிற சட்டம்தான். மது பரிமாறும் உணவகங்களுக்குள் துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கி கொண்டுவரலாம் என்று 2009இல் மசோதா வந்தது. ஆளுநர் ஃபில் பிரெடசன் கையெழுத்திட மறுத்தார். மாநிலச் சட்டமன்றத்தார் அவரை மீறிச் சட்டமாக்கினார்கள். எது உணவகம், எது பார் என்பதே தெளிவாக இல்லை என்று அந்த நவம்பரில் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. விட்டார்களா? 2010இல் அந்த வித்தியாசத்தையே எடுத்துவிட்டுப் பார்களுக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். ஆளுநர் மறுபடியும் மறுத்தார், மறுபடியும் மீறினார்கள். அந்த மசோதாவின் பின்னால் நின்ற அவை உறுப்பினர் கரி டாட், 2011 அக்டோபரில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக இதே ஊரில் கைதானார். காரில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி இருந்தது. இவ்வளவு நடந்த ஊரைத்தான் கேட்க நாதியில்லை என்கிறீர்கள்.

துப்பாக்கியோடு வருகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்பதும் சட்டம். சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பதை நாங்கள் எப்படிப் பார்ப்பது? ஒரு சனிக்கிழமை இரவு, கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தவரின் சட்டை விலகி, கறுப்புக் கைப்பிடி தெரிந்தது. மேசையில் பாதி காலியான பீர். பரிமாறிய மாணவன் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றான். கை நடுங்கத்தான் போனேன். அவர் நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? வாசலில் தடை அறிவிப்பு வைக்க எங்களுக்கு உரிமை உண்டு. கட்டட உரிமையாளரோ வியாபாரம் கெடும் என்று சொல்லி அதைக் கழற்ற வைத்தார். இப்போது 2021இலிருந்து 21 வயதான பெரும்பாலோருக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோக உரிமமே தேவையில்லை.

இதையெல்லாம் முன்பே ஒரு கடிதத்தில் எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. கைத்துப்பாக்கி பற்றிய செய்திக்கு ராணுவத் துப்பாக்கிப் படம் போட்டீர்கள், அதையும் சுட்டிக்காட்டினேன், பதில் இல்லை. நம் பிள்ளைகள் இங்கே சுடப்பட்டால் மட்டும் முதல் பக்கம் கிடைக்கிறது. அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு வரிகூட வருவதில்லை. டெக்சாஸில் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து பாதிக்கு மேல் வருமானம் வரும் இடங்களில் சிவப்பு எழுத்தில் 51% என்று பலகை இருக்கும். அதைத் தாண்டித் துப்பாக்கி கொண்டுபோவது பெருங்குற்றம். அங்கே படிக்கப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தங்களுக்குத் தெரியாததல்ல, எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரியைத் திருத்தி, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்று ஒரு சின்னக் குறிப்பு போடுங்கள். ஆகஸ்டில் மாணவர்கள் கிளம்புவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
நாஷ்வில்